சம்பளத்துடனோ சம்பளமின்றியோ

கடவுச்சீட்டில் ஊதா மையில் ஒரு முத்திரை:
சம்பளத்துடனோ சம்பளமின்றியோ
எந்த வேலையும் செய்தலாகாது.
சுவிஸ் பிரசை. வயது அறுபத்தெட்டு.
தங்குமிடம் பனிக்கன்குளம்.
இரண்டு சுழியா மூன்று சுழியா என்று
ஊருக்குள்ளேயே முடிவாகாத பெயர்.
பனியை விட்டுவிட்டு வந்தேன்.
பணி செய்ய விடுகிறார்கள் இல்லை.

முப்பத்தொரு வருசம் கடிதம் பிரித்த கை.
இரவு ஷிப்ட். நாலு இலக்கம் பார்த்து
நாலு திசைக்கும் எறிய வேண்டும்.
இங்கே வந்த முதல் மாதம்
ஆணிகளைப் பிரித்தேன்,
துருப்பிடித்தது வேறு, பிடியாதது வேறு.
இரண்டாம் மாதம் பயறில் கல் பொறுக்கி
அந்தக் கல்லையும் நிறவாரியாக அடுக்கினேன்.
மூன்றாம் மாதம்
மத்தியானம் இரண்டு மணி உள்ளே வந்து
கதிரையை இழுத்துப் போட்டு
எனக்கெதிரே இருந்தது.
எழும்பவே இல்லை.

"அப்பா, போரடிக்கேல்லையோ?"
வட்ஸ்அப்பில் மகள்.
"சே, எங்க பிள்ளை நேரம்" என்றேன்,
மின்விசிறியின் மூன்று இறக்கையில்
எது முதலில் புறப்படுகிறது என்று பார்த்தபடி.
கரண்ட் அப்போதுதான் வந்திருந்தது.

பிறகுதான் கோச்சி.
என் பின்வேலிக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில்
பதினேழு முதிரை, ஒரு மண்பாதை,
படலை இல்லாத கடவை.
கொப்பி ஒன்றில் கோடு கீறினேன்:
வரவேண்டிய நேரம், வந்த நேரம், பிந்திய நிமிடம்.
அங்கே மூன்று நிமிடம் பிந்தினால்
ஒலிபெருக்கியில் மன்னிப்புக் கேட்பார்கள்.
இங்கே நாற்பத்தேழு நிமிடம் பிந்தி வந்து
சாரதி எனக்குக் கையும் காட்டிவிட்டுப் போனான்.
நானும் காட்டினேன். பேந்து எழுதினேன், 47.

இராசமலர் நாற்பத்தொரு மாட்டோடு வந்து நின்றாள்.
"ஐயா, இப்ப வருமோ?"
கொப்பியைப் புரட்டினேன்.
"செவ்வாயில எப்பவும் பிந்தும்.
இன்னும் பதினெட்டு நிமிசம் கிடக்கு, கொண்டு போ."
நன்றி ஒன்றும் சொல்லவில்லை. கொண்டு போனாள்.
அடுத்த கிழமை ரியூசன் பிள்ளைகள் கேட்டார்கள்,
ஐஸ்கிறீம் வான்காரன் பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டான்.
மணல் ஏற்றும் உழவு இயந்திரம் மட்டும் கேட்கவில்லை,
அது யாரிடமும் எதுவும் கேட்பதில்லை.
இரண்டு மணி எப்போது எழும்பிப் போனது என்று
கவனிக்கவில்லை நான்.

விசா புதுப்பிக்கக் கொழும்புக்குப் போனேன்.
"நாள் முழுக்க என்ன செய்கிறீர்கள்?"
அதிகாரி முத்திரையைத் தொட்டுக்கொண்டு கேட்டார்.
"சும்மா இருக்கிறன்."
மொழிபெயர்க்க நின்ற பெண்
ஒரு கணம் தடுமாறினாள்.
பேந்து எங்கிருந்தோ ஒரு சொல்லை எடுத்துக் கொடுத்தாள்.
அவர் அதை எழுதிக்கொண்டார்.
இன்னும் ஒரு வருசம்.

திரும்பி வந்தபோது
கடவைக் கற்களில் காய்ந்த இரத்தம்.
ஈ.
இராசமலர் வேலியோரம் குந்தியிருந்தாள்.
"செவ்வாய் தானே எண்டு விட்டனான் ஐயா.
அண்டைக்கு அது
சரியான நேரத்துக்கு வந்திட்டுது."
இரண்டு பசு. வெள்ளைச்சி கன்றுத்தாய்ச்சி.
என்னை ஏசியிருக்கலாம். ஏசவில்லை.
கொப்பியைத் திறந்து
பிந்திய நிமிடம் என்ற கோட்டுக்குக் கீழே
முதல் தடவையாக
சைபர் போட்டேன்.
முட்டை மாதிரி இருந்தது. மாட்டுக் கண் மாதிரியும்.

இப்போது கொப்பி அலுமாரியில்.
நான் கடவையில்.
சிவப்புத் துவாய் ஒன்று, தண்ணீர்ப் போத்தல் ஒன்று,
வரவேண்டிய நேரத்துக்குப் பத்து நிமிடம் முந்தி வந்து
வந்து போகும் வரைக்கும்.
வெய்யிலில் தண்டவாளம் நெளிகிறது,
மைனா ஒன்று அதன்மேல் நடந்து போய்
கால் சுட்டுப் பறக்கிறது.

மோட்டார் சைக்கிளை நிறுத்திய பொலிஸ்காரர்
தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்:
"யார் போட்டது உங்களை இங்க?"
"ஒருத்தரும் போடேல்லை.
சும்மா நிக்கிறன்."
துவாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
பதிவு செய்ய ஒரு சொல்லும் அகப்படாமல் போய்விட்டார்.

அந்தப் பக்கம் இராசமலரும் முப்பத்தொன்பது மாடும்.
இந்தப் பக்கம் நான்.
யாழ்தேவி இன்றைக்கும் பிந்துகிறது.
பிந்தட்டும்.